பதிலுக்கு என்ன கொடுத்தீர்கள்?

டேட்டன், ஓஹாயோ
1986 மார்ச் 9

அன்புள்ள ஆர்வில் அண்ணனுக்கு,

ஹெர்ஷல் எழுதுவது. இங்கே நானும் லொரீனும் சுகம். உன் முழங்கால் வலி பனியோடு போய்விட்டதா, இன்னும் வெர்னா கடை அடுப்போரம்தான் கதியா? இதைப் படித்துக் காட்டும் வெர்னாவையும் விசாரித்ததாகச் சொல்.

என் பச்சை பிக்கப் வண்டியை உனக்குக் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று நீ போன வருஷம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாயே, அதுதான். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதற்கு இங்கே வேலை இல்லை. கடைகண்ணிக்கு லொரீனின் கார் போதும். உன் பழைய வண்டியோ கோழி அடைகாக்க மட்டும்தான் ஆகும் என்று கேள்வி. ஈஸ்டருக்கு லொரீனின் அண்ணன் மகன் வெண்டல் அந்தப் பக்கம் வருகிறான். அவன் ஓட்டி வந்து விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பிவிடுவான்.

வண்டிப் பத்திரத்தின் பின்புறம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வண்டி பதிவு செய்யும் கவுண்டி ஆபீஸில் காட்டி, தம்பி அண்ணனுக்குச் சும்மா கொடுத்தது என்று சொல். கூடப் பிறந்தவர்களுக்குள் வரி கிடையாதாம். சீக்கிரம் நம்பர் பிளேட் வாங்கி மாட்டிவிடு. தபால் பெட்டிக்கும் கொட்டகைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தால் எஞ்சின் கரி பிடித்துப் போகும். நீண்ட பாதையில் ஓட்டு. அந்த வண்டிக்கு அதுதான் நல்லது.

கல்லறை மேட்டுக்குப் போகும் வழி போன மழையில் அரித்துப் போனதே, சரி செய்தாயிற்றா?

லொரீன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி
ஹெர்ஷல்


லாரல் கிளை, டென்னசி
1986 ஏப்ரல் 14

தம்பி ஹெர்ஷலுக்கு,

ஆர்வில் சொல்ல வெர்னா எழுதுகிறாள். நான் நடமாட்டமாக இருக்கிறேன். கால் அப்படியேதான். நீயும் லொரீனும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

வண்டி வந்தது. வெண்டல் கையில் இரண்டு உப்புக்கண்டப் பன்றித்தொடையும் ஒரு டின் பாகும் கொடுத்தனுப்பினேன். பஸ்ஸிலேயே தின்று தீர்த்திருந்தால் அது அவன் பாடு.

ஆனால் வண்டியை நான் கேட்கவில்லை, ஹெர்ஷல். 1931இல் நம் ராஸ் மாமா அப்பாவுக்கு ஒரு கோவேறு கழுதையைச் சும்மா கொடுத்தாரே, நீ சின்னவன், உனக்கு நினைவிருக்காது. சாம்பல் நிறம். இடது காதில் ஒரு வெட்டு. அதற்குப் பிறகு எந்தச் சபைக் கூட்டத்திலும் மாமா சும்மா இருந்ததில்லை. "என்ன மச்சான், நான் குடுத்த கழுத நல்லா உழுவுதா?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்பார். அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். கழுதை செத்தது. கேள்வி சாகவில்லை. அன்று முடிவு செய்தேன், சும்மா வருவது எதையும் தொடுவதில்லை என்று. இதோடு எழுநூறு டாலருக்கு மணியார்டர் சீட்டு இருக்கிறது. வண்டியின் மதிப்பு இன்னும் கூடத்தான். மீதியை இலையுதிர் காலத்தில் புகையிலை விற்றுத் தருகிறேன்.

கவுண்டி ஆபீஸுக்கு வெர்னாவின் புருஷன் கூட்டிப் போனான். ஜன்னலுக்குப் பின்னால் நெல்டா என்று ஒருத்தி. எனக்கு முன்னால் நின்றவன் ஏதோ பளபளவென்று கார் வாங்கிவிட்டு, பத்திரத்தில் விலை ஒரு டாலர் என்று எழுதிக் கொண்டுவந்திருந்தான். வரி குறையுமாம். நெல்டா கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"ஒரு டாலரா? எனக்கும் அதே ஆளுகிட்ட ரெண்டு வாங்கிக் குடுங்க, நான் அஞ்சு டாலரா தர்றேன்."

"அவன் எனக்கு வேண்டப்பட்டவன்மா."

"வேண்டப்பட்டவருன்னா சந்தோஷம். ஆனா வரி, எங்க விலைப் புத்தகத்துல இருக்குற மதிப்புக்குத்தான்."

என் முறை வந்தது. பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஓஹாயோ பத்திரம் பெரியவரே. குடுத்தவரு நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கியிருக்கணும். முத்திரையும் இல்ல, விலையும் இல்ல. விலைக்கா, சும்மாவா?"

"விலைக்கு."

"அப்ப வரி உண்டு. கார் கடையில வாங்கினா கடைக்காரரே வரியப் பிடிச்சுக்குவாரு. தனி ஆளுகிட்ட வாங்கினா நீங்கதான் இங்க வந்து கட்டணும்."

"வண்டி ஓஹாயோவுல இல்ல வாங்கினது?"

"ஓட்டப்போறது இங்கதானே? எங்க ஓட்டுறீங்களோ அங்க வரி. என்ன விலை?"

"தம்பி இன்னும் சொல்லல."

"தம்பியா! தம்பி சும்மா குடுத்தா வரியே இல்லியே."

"சும்மா வேணாம்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முத்திரை வாங்கி, ஒரு விலை எழுதி அனுப்பு. மேட்டு வழியில் கல் கொட்டிச் சரி செய்தாயிற்று.

மேட்டுக் கல்லறைகளுக்குப் பூ வைக்கிற ஞாயிறுக்கு நீங்கள் வரும்போது கோழியடிக்கிறேன்.

உன் அண்ணன்
ஆர்வில் (இது அவர் போட்ட குறி)


டேட்டன்
1986 ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். பன்றித்தொடை இரண்டும் முழுசாக வந்து சேர்ந்தன. லொரீன் வறுத்த அன்று தெரு முழுக்க நம் ஊர் வாசனை.

ராஸ் மாமா கொடுத்த கழுதை போய்விட்டது, அதன் புத்தி உன்னிடம் தங்கிவிட்டது. உன் மணியார்டரை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு முத்திரையும் வாங்கியாயிற்று. விலை இருக்க வேண்டிய இடத்தில் 'அன்பளிப்பு' என்று எழுதியிருக்கிறேன். எந்தச் சபைக் கூட்டத்துக்கும் வந்து வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்கமாட்டேன், போதுமா?

இந்த வருஷம் பூ வைக்கிற ஞாயிறுக்கு வர இயலாது. லொரீனின் சபையில் ஏதோ வேலை, அவளுக்கு முழங்கால் வலி வேறு. அம்மா கல்லறைக்கு என் பேரிலும் ஒரு கொத்து வை. வண்டியை ஒரு தடவை மேட்டில் ஏற்றிப் பார். மழை பெய்து வழுக்கும்போது ஏறுகிறதா என்று எழுது.

நம்பர் பிளேட் மாட்டியதும் உடனே தெரிவி. தாமதிக்காதே.

உன் தம்பி
ஹெர்ஷல்


லாரல் கிளை
1986 ஜூன் 3

தம்பிக்கு,

நலம். லொரீனின் முழங்காலுக்குக் கரடிக் கொழுப்பு தேய்க்கச் சொல்.

ஞாயிறன்று எல்லோரும் வந்தார்கள். மேட்டில் புல் வெட்டி, பூ வைத்து, மர நிழலில் பலகை போட்டுச் சாப்பிட்டோம். நீ வடக்கே போன வருஷத்திலிருந்து ஒரு தடவையும் தவறியதில்லை. 1967இல் காய்ச்சலோடு வந்து, அம்மா கல்லறையில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாய். இந்தத் தடவை உன் இடத்தில் யாரும் உட்காரவில்லை. நான் சொல்லாமலே விட்டுவைத்தார்கள். அம்மாவுக்கு உன் பேரில் வெள்ளைப் பூங்கொத்து.

முந்தின நாள் மழை. வண்டியை மேட்டில் ஏற்றினேன். வழி நம் சொந்த நிலத்தில் போவதால் பிளேட் இல்லாமலே போகலாம், எந்தப் போலீசும் கேட்க முடியாது. முதல் கியரில் ஒரு முனகல் முனகியது, அவ்வளவுதான். சக்கரம் சுற்றவில்லை, சறுக்கவில்லை.

கவுண்டி ஆபீஸுக்கும் போனேன். காரியம் ஆகவில்லை. நெல்டா பத்திரத்தைப் பார்த்து, "இப்ப எல்லாம் சரியா இருக்கு. இதுல குறி போடுங்க" என்று ஒரு தாளை நீட்டினாள்.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

"வண்டிக்குப் பதிலா நீங்க ஒண்ணும் குடுக்கலைன்னு சத்தியம் பண்றீங்க."

"எங்க சபையில சத்தியம் பண்ண மாட்டோம்."

"தெரியும். உங்க ஆளுங்க பாதிப் பேரு இந்த ஜன்னல்லதான் வந்து நிக்குறாங்க. 'உறுதி சொல்றேன்'னு சொன்னாப் போதும். சொல்லுங்க, பதிலுக்கு என்ன குடுத்தீங்க?"

"எழுநூறு டாலர் அனுப்பினேன்."

"வாங்கிக்கிட்டாரா?"

"திருப்பி அனுப்பிட்டான்."

"அப்ப குடுக்கல."

"ரெண்டு பன்றித்தொடை குடுத்தேன். அது திரும்பி வரல."

நெல்டா பேனாவைக் கீழே வைத்தாள். "பெரியவரே, இந்த ஆபீஸுல நான் வேலைக்குச் சேந்த நாளா பன்றித்தொடைக்கு வரி போட்டதில்ல."

"வரியப் பத்திச் சொல்லலம்மா. ஒண்ணும் குடுக்கலைன்னு எப்படிச் சொல்றது? குடுத்தேனே."

"அப்ப வீட்டுக்குப் போயி யோசிச்சுட்டு வாங்க."

யோசித்துவிட்டேன். பொய் உறுதி சொல்லமாட்டேன், சும்மாவும் வாங்கமாட்டேன். மணியார்டர் மறுபடி இதோடு வருகிறது. அதை மாற்றிக்கொண்டு, பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி எழுது. நேர்வழியில் வரி கட்டிப் பிளேட் வாங்குகிறேன். அதுவரை வண்டி கொட்டகையில் இருக்கும்.

ஆர்வில்
(அவர் குறி)


டேட்டன்
1986 ஜூலை 8

மரியாதைக்குரிய ஆர்வில் அத்தானுக்கு,

லொரீன் எழுதுகிறேன். உங்கள் உடம்பு நலமா? கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது, மன்னியுங்கள். அவருக்குக் கொஞ்சம் வேலை. இப்போது ஓய்வாகப் படுத்திருக்கிறார்.

மணியார்டரை மாற்றமாட்டேன் என்கிறார். இதோடு அனுப்பச் சொன்னார். தயவு செய்து மறுபடி அனுப்பாதீர்கள் அத்தான். தபால் வந்ததும், "பிளேட் மாட்டிட்டானாமா?" என்றுதான் முதலில் கேட்கிறார். உங்கள் கடிதம் வராத நாளிலும் கேட்கிறார்.

நான் உங்களுக்கு எழுத நினைப்பது ஒன்று, எழுதக்கூடியது ஒன்று. அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.

இங்கே வெயில் அதிகம். தக்காளி நன்றாகக் காய்க்கிறது.

அன்புடன்
லொரீன்


லாரல் கிளை
1986 ஆகஸ்ட் 4

தம்பி ஹெர்ஷலுக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

லொரீன் ஏன் எழுதினாள்? 1944இல் போரில் உனக்குக் குண்டடி பட்டபோதுதான் வேறொருவர் கை உன் பேரில் கடிதம் எழுதியது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

வெர்னா ஒரு தடவை வாசித்தால் எனக்குப் போதும், நீ அறிவாய். மார்ச்சில் மேட்டு வழியைக் கேட்டாய். ஏப்ரலில் மழையில் வண்டி ஏறுகிறதா என்று கேட்டாய். புகையிலை எப்படி, மாடு கன்று போட்டதா என்று ஒரு வார்த்தை இல்லை. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியை, எங்கேயும் போகாத எழுபத்தாறு வயசுக்காரனுக்கு எதற்குக் கொடுக்கிறான் என்று கொட்டகையில் அதன் எதிரே உட்கார்ந்து யோசித்தேன். 1971இல் ராஸ் மாமாவைக் கொண்டுபோன சவ வண்டி பாதி மேட்டில் சேற்றில் புதைந்துபோனதே. சங்கிலி கட்டி டிராக்டரால் இழுத்தார்கள். பெட்டி உள்ளே இடித்துக்கொண்ட சத்தம் கீழே நின்ற எல்லோருக்கும் கேட்டது. நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னைய இப்படி இழுக்க விட்டுறாதண்ணே" என்றாய். நீ மறந்திருப்பாய் என்று நினைத்தேன்.

சரி, வயசாகிறது, முன்யோசனையோடு இருக்கிறாய். அதில் தப்பில்லை. நானும் என் பேர் வெட்டிய கல்லறைக் கல்லை வாங்கிப் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் பத்து வருஷம் இருப்பேன். ஆனால் உடம்புக்கு ஏதாவது இருந்தால் நேராகச் சொல். நான் வருகிறேன். பஸ்ஸில் மாட்டேன். 1951இல் சின்சினாட்டியில் பலகை படிக்கத் தெரியாமல் பொழுது சாயும் வரை வேறு வேறு பஸ்ஸில் ஏறி இறங்கினதும், ஒரு பள்ளிக்கூடப் பெண் என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் உட்கார வைத்ததும் போதும். போனிலும் எனக்குத் தகரத்தில் மழை பெய்கிற சத்தம்தான் கேட்கிறது. சொந்த வண்டி என்றால் வருவேன். நீ ஓட்டி ஒரு தடவை உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பாதை, திருப்பத்துக்குத் திருப்பம் எனக்குள் இருக்கிறது.

அதற்குப் பிளேட் வேண்டும். அதற்கு நீ ஒரு விலை சொல்ல வேண்டும். எந்த விலையானாலும் சரி. உன் பதில் வந்த மறுநாளே வரியைக் கட்டுகிறேன்.

உன் அண்ணன்
ஆர்வில் (அவர் குறி)

லொரீன், இந்த வரிகளை நானாக எழுதுகிறேன், அவர் சொல்லவில்லை. ஏப்ரல் கடிதத்திலேயே ஹெர்ஷலின் கையெழுத்து கோணிப்போயிருந்தது. ஆர்விலுக்கு எழுத்து தெரியாது என்பதால் அது அவர் கண்ணில் படவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா, வேண்டாமா? – வெர்னா.


டேட்டன்
1986 செப்டம்பர் 15

அண்ணனுக்கு,

ஹெர்ஷல் சொல்ல லொரீன் எழுதுகிறாள். என் கண்ணாடி உடைந்துவிட்டது. மற்றபடி ஒன்றுமில்லை. உன் கால் எப்படி?

விலை கேட்டாய். மார்ச்சிலேயே எழுதிவிட்டேன், முதல் கடிதத்தில். ஒரு வார்த்தையும் மறக்காதவன் நீ, யோசித்துப் பார். வெர்னா எல்லோருக்கும் கேட்க வாசிக்கும் கடிதத்தில் இதற்கு மேல் எழுதமாட்டேன்.

பிளேட்டை மாட்டு அண்ணே.

ஹெர்ஷல்


லாரல் கிளை
1986 செப்டம்பர் 20

தம்பி ஹெர்ஷலுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. இன்றே சொல்லி எழுதுகிறேன். நீ சொல்லும் விலை எது என்று தெரியும். மேட்டு வழி. அது நடக்கும், என் உயிர் இருந்தால் வேறு யாரும் உன்னைத் தொடமாட்டார்கள். ஆனால் அதற்கு என்ன அவசரம்? அதற்கு முன்னால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். உடைந்தது கண்ணாடி மட்டும்தானா என்று நானே வந்து பார்க்கிறேன்.

திங்கட்கிழமை கவுண்டி ஆபீஸ். எழுநூறு டாலர் என்று நானே சொல்லி, நெல்டா கேட்கிற வரியைக் கட்டிவிடுவேன். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது என்று அவள் சண்டை போட்டால் போடட்டும். செவ்வாய் கருக்கலில் புறப்பாடு. சிவப்புக் களஞ்சியம் வரை ஆற்றோரம். அப்புறம் பாலம். பெரிய ஊரில் இரட்டைப் புகைபோக்கி தெரிந்ததும் வலது பக்கம் ஏறும் பெரிய சாலை. நீ அங்கே வேகத்தைக் கூட்டினாய். மலைக் கணவாயில் நிலக்கரி லாரிகள் நிற்கும் இடத்தில் காப்பி குடித்தோம், நீ நாக்கைச் சுட்டுக்கொண்டாய். பிறகு குதிரைகள் மேயும் வெள்ளை வேலிகள், வெகுதூரம். அப்புறம் அகலமான ஆறு, அதன் மேல் இரும்புப் பாலம். அதைத் தாண்டினால் உன் மாநிலம். தண்ணீர்த் தொட்டியில் பூ படம் வரைந்திருக்கும் தெருவில் திரும்பினால் நீலக் கதவு வீடு. சரிதானே?

சோள ரொட்டியும் அவரையும் போதும். லொரீனைச் சிரமப்பட வேண்டாம் என்று சொல்.

ஆர்வில்
(அவர் குறி)


டேட்டன்
1986 நவம்பர் 2

மரியாதைக்குரிய ஆர்வில் அத்தானுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்கிறார்கள்.

உங்கள் செப்டம்பர் கடிதம், நாம் எல்லோரும் மேட்டில் நின்ற அன்று, இங்கே பூட்டிய வீட்டின் தபால் பெட்டியில் விழுந்து கிடந்திருக்கிறது. திரும்பி வந்துதான் பார்த்தேன். நீங்கள் அதை எழுதிய மறுநாள், ஞாயிறு பொழுது சாயும் நேரம் அவர் போனார். திங்கட்கிழமை காலை நான் வெர்னா கடைக்குப் போன் செய்தபோது, கவுண்டி ஆபீஸுக்குப் போகச் சவரம் செய்துகொண்டு நீங்கள் கடை வாசலில் காத்திருந்தீர்களாம். வெர்னா சொன்னாள். அவள் ஆகஸ்டில் என்னிடம் ஒன்று கேட்டாள். பதில் எழுத அப்போது கை வரவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள்.

நீங்கள் அவரை நன்றாகக் கொண்டுபோனீர்கள். அந்த மழையில் சவ வண்டிக்காரர்கள் கீழேயே நின்றுவிட்டார்கள். பெட்டியைப் பச்சை வண்டியில் ஏற்றி, யாரையும் ஓட்ட விடாமல் நீங்களே ஓட்டினீர்கள். வழியெல்லாம் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு குலுக்கலும் தெரியவில்லை. மேலே போய் நிறுத்திவிட்டு, "விலையக் குடுத்துட்டேன் லொரீன்" என்று சொன்னீர்கள். இதை எழுதாமலே இருந்துவிடலாம் என்றும் பார்த்தேன். இருக்க முடியவில்லை.

அது விலை இல்லை அத்தான்.

நோய் ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. டாக்டர் மறைக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும், "ஆர்வில் பஸ் ஏற மாட்டான், அவன் வண்டியும் இவ்வளவு தூரம் தாங்காது" என்றார். மறுநாள் பச்சை வண்டியைப் பட்டறையில் விட்டு நீண்ட பயணத்துக்கு ஏற்றாற்போல் எல்லாம் மாற்றினார். விஷயத்தை எழுதிக் கூப்பிடுங்கள் என்று நான் எத்தனையோ தடவை மன்றாடினேன்.

"கூப்புட்டா, நான் சாகுறதப் பாக்க வருவான். வண்டி கெடச்சுத் தானா கெளம்புனா, என்னையப் பாக்க வருவான். எனக்கு ரெண்டாவதுதான் வேணும்" என்றார்.

மேட்டு வழியை அவர் தனக்காகத்தான் கேட்டார். அது உண்மை. ஆனால் மேட்டுக்கு ஏற நம்பர் பிளேட் எதற்கு அத்தான்? அது உங்கள் சொந்த நிலம். நீங்களே ஜூனில் எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை நான் வாசித்தபோது அந்த இடத்தில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிளேட் வேண்டியிருந்தது இங்கே வருவதற்கு. 'நீண்ட பாதையில் ஓட்டு' என்று மார்ச்சில் எழுதினாரே, அவர் கேட்ட விலை அவ்வளவுதான்.

கோடை முழுக்க நாற்காலியை ஜன்னலோரம் போடச் சொன்னார். பச்சையாக எது தெருவில் திரும்பினாலும் தலையைத் தூக்குவார். கடைசி வாரம் நாற்காலி வேண்டாம் என்றுவிட்டார்.

உங்களை நோகடிக்க இதை எழுதவில்லை. உங்கள் மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. "கழுதப் பய" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் வலிக்கும். ஆனாலும் சிரிப்பார்.

குளிர் வருகிறது. காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
லொரீன்


லாரல் கிளை
1986 நவம்பர் 24

லொரீனுக்கு,

ஆர்வில் சொல்வது. கால் வலி இருக்கிறது. அதைப் பற்றி இப்போது பேச ஒன்றுமில்லை. உனக்கு அங்கே குளிருக்கு விறகும் எண்ணெயும் போதுமான அளவு இருக்கிறதா என்று எழுது.

உன் கடிதத்தை வெர்னா கடையை மூடிவிட்டு வாசித்தாள். ஒரு தடவைதான். இரண்டாம் தடவை வாசிக்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இனி அது எனக்குள்தான் இருக்கும்.

அவன் முதல் கடிதத்தை நான் வார்த்தை மாறாமல் சொல்லுவேன். 'நீண்ட பாதையில் ஓட்டு. அந்த வண்டிக்கு அதுதான் நல்லது.' எஞ்சினைச் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கவுண்டி ஆபீஸுக்குப் போனேன். நெல்டாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. சின்ன ஊர். வரிசையில் நின்றவர்கள் எனக்கு வழிவிட்டார்கள். அவளிடம் சொன்னேன்:

"ஏதாவது ஒரு விலை போட்டு வரி வாங்கிக்கம்மா. எவ்வளவா இருந்தாலும் சரி. பணம் கொண்டாந்திருக்கேன்."

"அன்பளிப்புன்னு நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காரே. அதுக்கு மேல நான் எப்படி விலை போடுறது?"

"போட முடியாதா?"

"முடியாது பெரியவரே." அந்தத் தாளை எடுத்து வைத்தாள். பிறகு மெதுவாக, "கேக்காம விட முடியாது, தப்பா நெனைக்காதீங்க. வண்டிக்குப் பதிலா உங்க தம்பிக்கு ஏதாவது குடுத்தீங்களா?" என்றாள்.

பன்றித்தொடையைச் சொல்லவில்லை. மணியார்டரைச் சொல்லவில்லை. மேட்டில் ஏற்றினதையும் சொல்லவில்லை. இந்தத் தடவை பொய் இல்லாமல் சொல்ல முடிந்தது.

"இல்லம்மா. ஒண்ணுமே குடுக்கல. உறுதியா சொல்றேன்."

குறி போட்டேன். வரி ஒன்றும் இல்லை என்றாள். பிளேட்டுக்கான பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பிளேட்டை ஒரு துணியால் துடைத்து என் கையில் கொடுத்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வெர்னா படித்துச் சொன்னாள். மாட்டிவிட்டேன்.

பூ வைக்கிற ஞாயிறுக்கு முந்தின வாரம் உன்னைக் கூட்டிப்போக வருகிறேன். பாதை எனக்குத் தெரியும். அதுவரை அந்த நாற்காலியை ஜன்னலோரமே போட்டுவை.

ஆர்வில்
(அவர் குறி)